ரோகிணி ஹையடிஸ் விண்மீன் கொத்தைச் சேர்ந்ததா? நிறமாலையால் சோதிக்கும் முறை

மாரி ஓய்ந்த மாசி மாதத்து முன்னிரவில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஆறாமீன் எனும் கார்த்திகைக் கூட்டத்துக்குக் கிழக்கே, ஏறத்தாழ உச்சி வானில், ஆப்பு வடிவில் சில விண்மீன்கள் தெரியும். அவற்றுள் செம்மஞ்சளாக ஒளிர்வது ரோகிணி. மற்றவற்றுட் பெரும்பாலானவை ஹையடிஸ் எனும் கொத்தைச் சேர்ந்தவை. ஒரு கொத்தின் விண்மீன்கள் ஒரே வாயு முகிலிற் பிறந்து சேர்ந்தே நகர்வதால், அவை நம்மை நெருங்கும் அல்லது விட்டு விலகும் வேகமும், அதாவது ஆரை வேகமும், ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ரோகிணி அப்படி இருக்கிறதா என்பதே கேள்வி. விண்மீனின் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்தால் வரும் நிறமாலையில், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய அலைநீளங்களிற் கருங்கோடுகளை இடும்; விண்மீன் விலகினால் அவை நீண்ட அலைநீளப் பக்கமும், நெருங்கினால் குறுகிய பக்கமும் நகரும். அந்த நகர்விலிருந்தே வேகத்தைக் கணிக்கிறோம்.

முதலில் நிறமாலைகளைத் தேடிக்கொள்ளுங்கள். நாம் தேடும் அலைநீள வேறுபாடு மூன்றில் ஒரு அங்ஸ்ட்ரோம் (ஒரு மீற்றரின் ஆயிரங்கோடியில் ஒரு பங்கே ஓர் அங்ஸ்ட்ரோம்) அளவே என்பதால், வீட்டுத் தொலைகாட்டியில் பொருத்தும், ஒளியைப் பிரிக்கும் மலிவான கீற்றணி இதற்குப் போதாது. பிரான்சின் எலோடி நிறமாலைமானி பதிந்தவை போன்ற உயர் பிரிதிறன் நிறமாலைகள் இணையக் காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அடுத்து ஒரு கோட்டைத் தெரிவுசெய்யுங்கள். சோடியக் கோடுகள் கண்ணைக் கவரும். ஆனால் நமது வளிமண்டல நீராவியின் கோடுகளும் அங்கே வந்து கலக்கும். ஆகவே 6162.17 அங்ஸ்ட்ரோமில் உள்ள கல்சியக் கோடே என் தெரிவு. அதன் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று அளந்து, இடப்பெயர்ச்சியை 6162.17 ஆல் வகுத்து, ஒளிவேகமான செக்கனுக்கு 2,99,792 கி.மீ. ஆல் பெருக்குங்கள். ஹையடிஸின் செம்பூத விண்மீன்களில் அக்கோடு 6162.97 ஐ ஒட்டி விழும்: வேகம் ஏறத்தாழ 39 கி.மீ. ரோகிணியில் 6163.28 ஐ ஒட்டி விழும்: ஏறத்தாழ 54 கி.மீ. கொத்தின் உள்ளே வேகங்கள் ஒரு கி.மீ. கூடச் சிதறுவதில்லை, வானில் அது பரந்து கிடப்பதால், பார்க்கும் கோணம் மாறி, சில கி.மீ. வேறுபாடு தோன்றும், அவ்வளவே. 15 கி.மீ. வேறுபாட்டை அதனால் விளக்க முடியாது.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் செக்கனுக்கு 30 கி.மீ.; அது கழிக்கப்பட்டுள்ளதா என்பதைக் கோப்பின் தலைப்பிற் பாருங்கள். மற்றது, அலைநீளம் காற்றுக்குரியதா வெற்றிடத்துக்குரியதா என்பது. முதன்முறை நான் இதைக் கவனியாமல் விட்டதால், எல்லா விடைகளிலும் 83 கி.மீ. கூடி வந்தது, ஒரு மாலை முழுவதும் கணிதத்திலேயே பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

வேகம் பொருந்தாவிட்டால் உறவு இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பொருந்தினால் மட்டும் உறவு உறுதியாகாது, தூரத்தையும் வானில் நகரும் திசையையும் ஒப்பிட வேண்டும். ரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவிலும் கொத்து 153 ஒளியாண்டுத் தொலைவிலும் இருப்பதால் இங்கே ஐயமே இல்லை. 1780 இல் பிரெஞ்சு வானியலாளர் மெசியே தம் பட்டியலிற் சேர்த்த 73 ஆம் பொருளும் இப்படித்தான், கொத்துப் போலத் தோன்றினாலும் கொத்து அல்ல: 2002 இல் வெளியான நிறமாலை ஆய்வில், அதன் விண்மீன்கள் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன என்று தெரிந்தது.

இரட்டை விண்மீன்களில் மட்டும் அவசரப்படாதீர்கள்; ஒன்றையொன்று சுற்றுவதால் அவற்றின் ஆரை வேகம் மாறிக்கொண்டே இருக்கும். ஹையடிஸிலேயே 141 நாட்களுக்கு ஒரு தடவை சுற்றிவரும் சோடி ஒன்று உண்டு. ஓரிரவு அளவை வைத்து அதைக் கொத்திலிருந்து நீக்கிவிடக் கூடாது. பலரும் ஆறாமீனிலேயே தொடங்க ஆசைப்படுவர். அதன் பிரகாசமான விண்மீன்கள் மிகுந்த வெப்பமுடையவை, வேகமாகச் சுழல்பவை; கல்சியக் கோடு அங்கே அகப்படாது, ஐதரசன் கோடுகளும் அகன்று கிடக்கும். அதை இரண்டாம் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.