'இடோ' என்றால் என்ன? செயற்கை மொழிப் பெயர்களை ஒப்பிடும் முறை

செயற்கை மொழிகள், அதாவது யாரோ ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய மொழிகள், பலவற்றுக்குச் சின்னஞ்சிறு பெயர்கள். இரண்டு மூன்று அசைதான். அதே ஒலியில் வேறு ஏதாவது ஒரு மொழியில் ஒரு சொல் கிடைத்துவிடும். உடனே இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எடுத்துக்காட்டுக்கு இடோ மொழியை எடுத்துக்கொள்வோம்.

1. பெயர் பிறந்த கதையைத் தேடுங்கள்

செயற்கை மொழிகளில் பெரும்பாலும் ஆள், ஆண்டு, ஊர் எல்லாம் பதிவாகியிருக்கும். பெரிய வசதி இது. சாமன்ஹோஃப் என்பவர் 1887இல் வார்சாவில் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியை வெளியிட்டார். அதைத் திருத்தச் சொல்லும் முன்மொழிவு ஒன்று 1907இல் பாரிசில் கூடிய குழுவிடம் வந்தது. அதை எழுதியவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'இடோ'. பிறகு அதுவே மொழியின் பெயராகிவிட்டது. ஆகவே நாம் புரட்ட வேண்டியது எஸ்பெராண்டோ அகராதியை.

2. பெயரை உடையுங்கள்

எஸ்பெராண்டோவில் ஹுண்டோ என்றால் நாய், ஹுண்டிடோ நாய்க்குட்டி. போவோ மாடு, போவிடோ கன்று. நடுவில் நிற்கும் 'இட்' குட்டியைக் குறிக்கும் ஒட்டு. கடைசி 'ஓ' பெயர்ச்சொல் விகுதி. நாயையும் மாட்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது இடோ, அதாவது பிள்ளை, வழித்தோன்றல். எஸ்பெராண்டோவின் பிள்ளை! மொழிக்கு இவ்வளவு பொருந்திய பெயர் அமைவது அபூர்வம்.

3. ஒரே ஒலிச் சொற்களைத் திரட்டுங்கள்

ஸ்பானியத்தில் இடோ என்றால் 'போன'. ஜப்பானியத்தில் கிணறு. அட்சரேகைக்கும் அங்கே அதே ஒலிதான். இடம்பெயர்தலைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் நாம் 'இடோ' என்றே எழுதுவோம், ஆனால் ஜப்பானியத்தில் அதன் ஓகாரம் நெடில், கிணற்றின் ஓகாரம் குறில். ஆகவே அந்தந்த மொழியின் எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

4. அவற்றையும் உடையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஸ்பானியச் சொல்லில் 'இ' மட்டும் வேர், 'போ' என்ற பொருள். 'டோ' எச்ச விகுதி. எஸ்பெராண்டோவிலோ 'இட்' முழுவதும் ஒரே ஒட்டு. ஜப்பானியக் கிணற்றை எழுத இரண்டு சித்திர எழுத்துகள், ஒன்று கிணறு, மற்றது கதவு. அட்சரேகைக்கு முதல் எழுத்தே வேறு, தறியில் குறுக்கே ஓடும் ஊடுநூலைக் குறிப்பது. ஒலி ஒன்றாக இருக்கிறதே தவிர, உள்ளே ஒன்றும் ஒட்டவில்லை.

5. சொல் வந்த வழி இருக்கிறதா?

வோலாப்யூக் என்ற இன்னொரு செயற்கை மொழியைப் பாருங்கள். ஜெர்மன் பாதிரியார் ஷ்லையர் 1880 வாக்கில் உருவாக்கிய மொழி. வோல் என்றால் உலகம், ப்யூக் என்றால் பேச்சு. ஆங்கில 'வேர்ல்டு', 'ஸ்பீக்' இரண்டையும் அவர் செதுக்கி எடுத்த சொற்கள் இவை. காதுக்கு ஒற்றுமை தெரியாது, உறவு மட்டும் உண்டு. பிரெஞ்சில் அச்சு அசலாக 'வோல்' இருக்கிறது. பொருள் பறத்தல், திருட்டு. உறவே கிடையாது. டேனிய மொழியில் வோலாப்யூக் என்றால் உளறல். பொருள் எங்கேயோ போய்விட்டாலும், அது இந்த மொழியின் பெயரிலிருந்தே போன சொல்.

6. நீங்களே செய்து பாருங்கள்

2001இல் சோன்யா லாங் வெளியிட்ட டோக்கி போனா என்ற செயற்கை மொழியில் 'டோக்கி' என்றால் பேச்சு. ஃபின்னியத்தில் டோக்கி 'நிச்சயமாக', ஜப்பானியத்தில் 'நேரம்'. பப்புவா நியூ கினியில் பேசும் டோக் பிசின் மொழியில் 'டோக்' என்றால் பேச்சு. இவற்றில் எது உறவு, எது தற்செயல்? சோன்யா லாங் எங்கிருந்து எடுத்தார் என்பதில் தொடங்குங்கள். விடை: டோக் பிசின்.