டர்பனில் முதல் கோடை: நீச்சல் குளத்தில் உறுப்பினர் ஆவது குடும்பத்திற்குப் பயன்படுமா?

தமிழ்நாட்டிலிருந்து வேலை மாற்றலாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் குடும்பங்கள், வீடு, பள்ளி, கார் என்ற மூன்று கவலைகளும் ஒருவாறு தீர்ந்த பிறகு அடுத்ததாகக் கேட்பது, பிள்ளைகளுக்காக எங்காவது நீச்சல் குளத்தில் உறுப்பினர் ஆகலாமா என்பதுதான். இங்கே மார்கழியும் தையும் நடுக்கோடை. பள்ளிகள் டிசம்பர் மாதத்தில் மூடினால் ஜனவரி நடுவில்தான் திறக்கின்றன. புழுக்கமோ சென்னைக்குச் சளைத்ததல்ல. போதாக்குறைக்குத் தீபாவளி முடிவதற்குள் கோடைச் சலுகை அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடுகின்றன. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: முதல் கோடையில் உறுப்பினர் ஆக வேண்டாம், அதற்கென ஒதுக்கிய பணத்தைப் பிள்ளைகளின் நீச்சல் வகுப்பிற்குக் கொடுங்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் கீழே சொல்கிறேன்.

முதலில், இந்த ஊரில் ஒரு குடும்பம் நீந்துவதற்கு என்னென்ன இடங்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சி நடத்தும் பொதுக் குளங்கள் நகரெங்கும் உள்ளன. கடற்கரையை ஒட்டி இருக்கும் ரேச்சல் ஃபின்லேசன் குளம் கடல்நீர்க் குளம். கிங்ஸ் பார்க்கில் இருப்பது தேசியப் போட்டிகள் நடந்த ஐம்பது மீட்டர் குளம். பொதுக் குளங்களில் செலவு குறைவு, ஆண்டு முழுவதற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் மராமத்துக்காக ஒரு குளம் மாதக்கணக்கில் மூடிக் கிடப்பது இங்கே புதிதல்ல. ஆகவே இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்பாமல், பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. அடுத்த வகை, வர்ஜின் ஆக்டிவ் போன்ற பெரிய உடற்பயிற்சிக் கூடங்கள். அவற்றின் கிளைகள் பலவற்றில் கூரைக்குக் கீழ் வெந்நீர்க் குளம் இருக்கிறது. உறுப்பினர் ஒப்பந்தம் என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் எழுகிறது. மூன்றாவது, நீங்கள் குடியிருக்கும் காம்ப்ளெக்ஸிலேயே உள்ள குளம். அம்ஷ்லாங்கா, வெஸ்ட்வில் பக்கம் வாடகைக்கு வருபவர்கள் பலருக்கு இது கிடைத்துவிடுகிறது. அதன் பராமரிப்புச் செலவு வீட்டு உரிமையாளர் கட்டும் லெவி எனப்படும் பொதுப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்து, அங்கிருந்து உங்கள் வாடகைக்குள்ளும் வந்துவிடுகிறது. ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கும் குளத்தை விட்டுவிட்டு இன்னொன்றுக்குக் கட்டுவதற்குத் தக்க காரணம் வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்திற்கு மாதம் 1,200 ராண்ட் என்று ஓர் ஒப்பந்தம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 14,400 ராண்ட். பிள்ளைகள் ஆசையோடு குளத்திற்குப் போவது நவம்பரிலிருந்து மார்ச் வரை, அதாவது ஏறக்குறைய இருபத்தொரு வாரம். நவம்பரில் ஆண்டுத் தேர்வு வருகிறது. டிசம்பரில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் மூன்று நான்கு வாரம் இங்கே இருப்பதில்லை. மிஞ்சும் பதினாறு வாரத்தில் வாரம் ஒரு நாள் போனால், ஒருமுறை குளத்தில் இறங்குவதற்கு 900 ராண்ட் ஆகிறது. உங்களிடம் கேட்கும் உண்மையான கட்டணத்தை இதில் பொருத்திப் பாருங்கள். வாரம் எத்தனை முறை போவீர்கள் என்ற இடத்தில் ஆசையை எழுதாமல், வேலை முடிந்து வீடு வரும் நேரத்தையும் போக்குவரத்தையும் நினைத்து எழுதுங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இல்லாத குளத்திற்கு இரண்டாவது மாதத்திலிருந்தே போவது குறைந்துவிடுகிறது என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வந்தவர்கள் சிக்கிக்கொள்வது இதில்தான். கோடைச் சலுகை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு மாத ஒப்பந்தத்தின் முதல் ஓரிரு மாதங்களுக்கு மட்டுமே தரப்படும் தள்ளுபடியாக இருக்கும். கட்டணம் டெபிட் ஆர்டர் மூலம் மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுக்கப்படும். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அது நிற்காது. இந்நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கிறது: இத்தகைய ஒப்பந்தம் பொதுவாக இருபத்துநான்கு மாதத்தைத் தாண்டக் கூடாது. இருபது வேலை நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நிறுவனம் நியாயமான ஒரு விலகல் கட்டணத்தைக் கேட்கலாமே தவிர, உங்களை இறுதிவரை பிடித்து வைக்க முடியாது. காலம் முடிவதற்கு நாற்பது முதல் எண்பது வேலை நாளுக்கு முன் அதை உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியதும் நிறுவனத்தின் கடமை. நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால் ஒப்பந்தம் மாதாந்தர அடிப்படையில் தொடரும், கட்டணமும் தொடரும். இரண்டாண்டு வேலை விசாவில் வந்தவர்கள் இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். ஊர் திரும்பும் அவசரத்தில் விலகல் கடிதம் கொடுக்காமல் வங்கிக் கணக்கை மட்டும் மூடிவிட்டுப் போனால், பாக்கி உங்கள் பெயரில் கடன் பதிவாக ஏறக்கூடும். மீண்டும் இந்நாட்டிற்கு வரும்போது அது வீட்டு வாடகைக்கே தடையாக வந்து நிற்கும்.

சரி, வகுப்பு ஏன் என்று கேட்கலாம். இங்குள்ள பள்ளிகள் பலவற்றில் நீச்சல், பள்ளியாண்டின் நான்கு பருவங்களில் முதலாவதற்கும் நான்காவதற்கும் உரிய விளையாட்டு. ஜனவரியில் பள்ளி திறந்த சில வாரங்களுக்குள் கேலா எனப்படும் நீச்சல் போட்டி வந்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகளில் பலர் நான்கைந்து வயதிலேயே தண்ணீரில் பழகியிருக்க, நம் பிள்ளை ஒன்பது வயதில் குளத்தோரம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்தப் பிள்ளைக்கு வேதனையானது. பேச்சும் பாடமும் புதிதாக இருக்கும் ஒரு நாட்டில், எல்லோரும் இறங்கும் தண்ணீரில் தானும் இறங்க முடிவது அதற்குப் பெரிய ஆறுதல். அதைவிட முக்கியமானது உயிர். கடலும் ஆறும் வீட்டுக்கு வீடு குளமும் உள்ள மாகாணம் இது. பிறந்தநாள் விருந்துக்கு அழைக்கும் நண்பன் வீட்டிலும் குளம் இருக்கும். 1967 முதல் இயங்கிவரும் தேசியக் கடல் மீட்பு நிறுவனம், உயிர் தப்புவதற்கான நீச்சல் என்று நான்கே திறன்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது: நீருக்குள் மூச்சை அடக்குதல், விழுந்த இடத்திலிருந்து திசை திரும்புதல், மிதத்தல், ஐந்து மீட்டராவது நகர்தல். உங்கள் பிள்ளைக்கு இந்த நான்கும் வராத வரையில் குளத்து உறுப்பினர் அட்டையால் பயனில்லை. வந்துவிட்டால் எந்தக் குளமும் பயன்படும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருநாள் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நல்ல ஆசிரியை பெரும்பாலும் தம் வீட்டுப் பின்புறத்தில், கூரை போட்ட வெந்நீர்க் குளத்தில் ஒரு நேரத்தில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காமல் நடத்துவார். கரையில் நின்று குரல் கொடுக்காமல் தாமே இடுப்பளவு நீரில் நிற்பார். முதல் வாரங்களில் கை வீசக் கற்றுத்தர மாட்டார். வாயால் குமிழி விடச் சொல்வார். பிறகு பிள்ளையின் பிடரியில் ஒரு கையை வைத்து மல்லாக்கச் சாய்த்து, இரண்டு காதும் நீருக்குள் போகும்வரை காத்திருப்பார். காதில் தண்ணீர் ஏறியதும் கழுத்தை விறைத்துக்கொண்டு எழப் பார்க்கும் பிள்ளை, என்றைக்குக் கழுத்தைத் தளரவிட்டு வானத்தைப் பார்க்கிறதோ அன்றைக்குப் பாதிக் கல்வி முடிந்தது. கட்டணம் பெரும்பாலும் பருவத்திற்கு ஒருமுறை அல்லது மாதத்திற்கு ஒருமுறைதான். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்வது எளிது. ஆசிரியருக்குத் தகுதிச் சான்றிதழும் முதலுதவிப் பயிற்சியும் இருக்கின்றனவா என்று தயங்காமல் கேளுங்கள். இங்கே அப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நான்கைந்து தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களில், மூத்தவர்கள் பலருக்கு நீந்தத் தெரியாது என்பதைக் கண்டு புதிதாக வந்தவர்கள் வியப்பதுண்டு. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இப்படியா என்று கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1953இல் கொண்டுவரப்பட்ட தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் கடற்கரையையும் குளத்தையும் நிறவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. டர்பன் கடற்கரைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டது 1989இல், அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1990இல். நல்ல மணலும் நல்ல குளமும் பிறருக்கென்று பலகை வைத்திருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேலாவில் பதக்கம் வாங்குவதை அந்தப் பாட்டிமார் எவ்வளவு பெருமையோடு சொல்கிறார்கள் என்பதைக் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றாலே கேட்கலாம்.

கடலைப் பொறுத்தவரை, டர்பனின் நீர் குளிர்காலத்திலும் இறங்கக்கூடிய வெதுவெதுப்பு உடையது, கட்டணமும் கிடையாது. 1952 முதல் சுறாவலைகள் போடப்பட்டிருக்கின்றன. லைஃப்கார்டுகள் நட்டிருக்கும் கொடிகளுக்கு இடையில் மட்டுமே இறங்க வேண்டும். ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளம் கழிவுநீர் அமைப்பைச் சிதைத்த பிறகு கடற்கரைகள் மீண்டும் மீண்டும் மூடப்பட்டன. இன்றும் பெருமழைக்குப் பிந்தைய சில நாட்களில், குறிப்பாக ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகில், பிள்ளைகளை இறக்காமல் இருப்பதே நல்லது. மாநகராட்சி வெளியிடும் நீர்த்தர அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். டிசம்பர் 16, 26, ஜனவரி 1 ஆகிய விடுமுறை நாட்களில் கூட்டம் அளவு கடந்தது. சிறு பிள்ளைகள் தொலையாதிருக்க மணிக்கட்டில் அடையாளப் பட்டை கட்டும் அளவுக்குக் கூட்டம் இருக்கும். அலைக்கு அஞ்சும் சிறுவர்களுக்கு வடக்கே பலிட்டோவிலும் சால்ட் ராக்கிலும் உள்ள பாறைக்கட்டுக் கடற்குளங்கள் மிகவும் ஏற்றவை.

காம்ப்ளெக்ஸ் குளத்தில் பொதுவாக லைஃப்கார்டு இருக்க மாட்டார் என்பதை மறக்க வேண்டாம். குளத்தைச் சுற்றி 1.2 மீட்டருக்குக் குறையாத வேலியும், தானே மூடித் தானே தாழிட்டுக்கொள்ளும் கதவும் இருக்க வேண்டும் என்பது இந்நாட்டுக் கட்டட விதி. கதவைத் திறந்து விட்டுப் பாருங்கள். தானாக வந்து பூட்டிக்கொள்ளவில்லை என்றால் அன்றே மேலாளருக்கு எழுதுங்கள். குளத்தின் அடித்தரையில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரியாத அளவுக்கு நீர் கலங்கியிருந்தால் இறங்க வேண்டாம். அந்த நீரில் மூழ்கிய பிள்ளையும் தெரியாது.

இனி, உறுப்பினர் ஆவது பயன்படும் குடும்பங்கள். பெரியவர்களில் ஒருவர் முழங்கால் வலிக்காகவோ முதுகு வலிக்காகவோ ஆண்டு முழுவதும் வாரம் மூன்று முறை நீந்தப் போகிறார் என்றால், வெந்நீர்க் குளம் உள்ள கூடத்தில் சேர்வது நியாயமான செலவு. உங்கள் மருத்துவக் காப்பீட்டோடு இணைந்த ஊக்கத் திட்டம் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறதா என்று முதலில் கேளுங்கள், சில திட்டங்களில் கணிசமாகவே கிடைக்கும். பிள்ளை வகுப்பை முடித்துப் போட்டிக்குத் தயாராகும் நிலையில் இருந்தால் நீச்சல் சங்கத்தில் சேர்ப்பது வேறு செலவு, தனிக் கணக்கு. ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறுபவர்களுக்குக் கணக்கே மாறும். அங்கே கடல் இல்லை. மாநகராட்சிக் குளங்கள் பெரும்பாலும் கோடையில் மட்டும் திறப்பவை, நீரும் குளிர்ந்தது. பிற்பகலில் இடி மின்னலோடு மழை இறங்கும் ஊர் என்பதால் முதல் இடி கேட்டதுமே எல்லோரும் நீரை விட்டு வெளியேற வேண்டும். காலையில் போக முடிந்தவர்களுக்குப் பொதுக் குளமே போதும். மாலையில் மட்டுமே நேரம் உள்ளவர்கள் கூரைக் குளத்திற்குப் பணம் கட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

உடை பற்றி அம்மாக்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விடுவதையும் சொல்லிவிடுகிறேன். நைட்டியோ சுடிதாரோ போட்டுக்கொண்டு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். பருத்தித் துணி நனைந்தால் கனத்து ஆளைக் கீழே இழுக்கும், வடிகட்டியில் நூலும் சேரும். ஆனால் கை முழுவதும் மூடும் ரேஷ் வெஸ்ட் என்ற நீச்சல் மேலாடையும் கணுக்கால்வரை வரும் லைக்ரா கால்சட்டையும் இங்கே சாதாரணம். வெயிலுக்காகப் பிள்ளைகள் அனைவரும் அதையே அணிகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் குளத்து நாளை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தலையெண்ணெய் நீரின் மேல் படலமாக மிதப்பது எல்லோருக்கும் தெரியும். பிள்ளை கறுத்துவிடும் என்ற கவலைக்காக நீச்சலை நிறுத்த வேண்டாம். காலை பத்து மணிக்கு முன்போ பிற்பகல் மூன்றுக்குப் பின்போ போனால் கடும்வெயிலின் தீங்கு பெரிதும் குறையும்.

இறுதியாக, பிள்ளைக்கு வகுப்பு தேடும்போதே உங்களுக்கும் ஒன்று தேடுங்கள். பல நீச்சல் பள்ளிகளில் பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டு, சிலவற்றில் பெண்களுக்கு மட்டுமான நேரமும் கேட்டால் ஒதுக்குகிறார்கள். நீந்தத் தெரியாத தாய் குளத்தோரம் இருந்து பார்த்துக்கொள்வது காவல் ஆகாது. ஆபத்து வந்தால் அவரும் குதிப்பார், இருவரும் முழுகுவார்கள். ஜனவரி வகுப்புகளுக்கான இடங்கள் நவம்பரிலேயே நிரம்பத் தொடங்கும். தீபாவளிப் பலகாரத்திற்குச் சாமான் வாங்கும் வாரத்திலேயே இரண்டு மூன்று பள்ளிகளுக்குத் தொலைபேசியில் பேசி, உங்கள் பெயரையும் சேர்த்தே பதிந்துவிடுங்கள்.