'தி கார்ட்' படத்தை எப்படிப் பார்ப்பது

2011-இல் வந்த இந்த அயர்லாந்துப் படம் 96 நிமிடம்தான். எழுதி இயக்கியவர் ஜான் மைக்கேல் மெக்டோனா. தொடங்கும்போதே சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள். ஆங்கிலம் சரளமாக வருபவர்களுக்கும் அந்த உச்சரிப்பு சட்டென்று பிடிபடாது. நாயகன் பிரெண்டன் கிளீசன் முகம் மாறாமல் உதிர்க்கும் வரிகளில்தான் நகைச்சுவையே இருக்கிறது.

தலைப்பைக் காவலாளி என்று புரிந்துகொண்டால் தப்பு. அங்கே போலீஸின் பெயர் 'கார்டா', பேச்சில் 'கார்ட்'. சீருடைப் போலீஸார் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. இது தெரிந்தால்தான் கடைசிக் காட்சிகளின் கனம் புரியும்.

கதை நடக்கும் மேற்கு அயர்லாந்தின் கானமாராவில் ஐரிஷ் மொழி இன்னும் புழங்குகிறது. எஃப்.பி.ஐ. அதிகாரி (டான் சீடில்) வீடு வீடாக விசாரிக்கும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாததுபோல ஐரிஷில் பதில் சொல்லி அவரைத் திருப்பி அனுப்புவார்கள். வெளியூர் அதிகாரியிடம் ஊர் வாயை மூடிக்கொள்வது நமக்கும் பழகியதுதானே!

பலர் படத்தை நிறுத்துவது, உள்ளூர் போலீஸ்காரர் பாயில் (கிளீசன்) அந்தக் கறுப்பின எஃப்.பி.ஐ. அதிகாரியிடம் இனவெறியாகப் பேசும் இடத்தில். நிறுத்தாதீர்கள். பாயில் முட்டாளா, படு புத்திசாலியா என்ற கேள்விதான் படத்தின் உயிர். விடையைப் படம் கடைசிவரை கையில் கொடுப்பதில்லை. 1988 சியோல் ஒலிம்பிக் நீச்சலில் நான்காவதாக வந்ததாக அவர் சொல்வதை மட்டும் மறக்காதீர்கள், முடிவில் தேவைப்படும்.

பிடித்திருந்தால் அடுத்தது, மெக்டோனாவும் கிளீசனும் மீண்டும் சேர்ந்த 'கால்வரி' (2014).