பாண்டி ஆடுவதற்கு முன்: சிறு குழந்தைக்கு நொண்டியடிக்கக் கற்றுக்கொடுக்கும் முறை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போன கோடையில் பாண்டிக் கட்டம் வரைந்து, மூன்றரை வயது மகளை அதில் நிறுத்தி, ஒற்றைக் காலால் தாண்டச் சொன்னேன். தூக்கிய கால் அடுத்த நொடியே தரைக்கு வந்தது. நான்கு நாள் விடாமல் வற்புறுத்தியதில், கட்டத்தைக் கண்டாலே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். தவறு என்னுடையது. எந்தக் காலால் எழும்பினோமோ அதே காலில் திரும்ப இறங்குவதுதான் நொண்டி. இறங்கவே பழகாத குழந்தையை நான் எழும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நான்கு வயதையொட்டித்தான் கைகூடும் என்பதும் எனக்குப் பிறகே தெரிந்தது.

சாக்கட்டியும் பழைய துண்டும் போதும். எண்கள் அச்சிட்ட ரப்பர் விரிப்பு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். தட்டோட்டுத் தளத்தில் அது நழுவுகிறது, வாங்காதீர்கள். வெறுங்கால்தான் நல்லது, காலுறை வேண்டவே வேண்டாம். தரைச் சூடு தணிந்த மாலை நேரத்தில், கைப்பிடிச் சுவரைவிட்டு நன்றாகத் தள்ளி, மாடியின் நடுவில் ஆடவிடுங்கள். மழைக்குப் பின் ஓட்டில் பாசி வழுக்கும் நாட்களில் மாடி வேண்டாம்.

முதல் படி, கொக்கு போல நிற்பது. உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்தபடி ஒரு காலில் நிற்கட்டும். மூன்று எண்ணும் வரை நின்றால் போதும்; பிறகு கால் மாற்றுங்கள்.

இரண்டாம் படி, இறங்கப் பழகுவது. எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது இதற்குத்தான். மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து இரண்டு காலாலும் குதிக்கச் சொன்னபோது, அவள் முழங்காலை விறைத்துக்கொண்டு குதிகாலில் 'தொப்'பென்று இறங்கினாள். முழங்காலை மடக்கச் சொன்னால், குதிப்பதற்கு முன்பே மடக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். கடைசியில், "பூனை குதிச்சா சத்தம் கேக்குமா? அது மாதிரி குதி பாப்பா" என்றதும் முழங்கால் தானாக மடங்கியது. ஒலியைக் கவனியுங்கள்: அடுத்தடுத்து இரண்டு சத்தம் கேட்டால் ஒரு கால் முந்துகிறது என்று பொருள். பாதத்தில் சாக்கட்டியைத் தேய்த்துவிட்டால் சிவப்பு ஓட்டில் வெள்ளைத் தடம் விழும். முதல் நாள் குதிகால் மட்டும் அழுத்தமாகப் பதிந்த தடம், மூன்றாம் வாரம் விரல்களும் முன்பாதமும் தெளிவாகப் பதியும் தடமாக மாறியிருந்தது. தடம் மாறும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படியில் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு நொண்டி, பிறகு ஒரு கையை மட்டும் பிடித்து, அதன் பிறகு துண்டின் மறுமுனையை மட்டும் அவள் கையில் கொடுத்து. துண்டு எடையைத் தாங்காது என்பதால் உடலைத் தானே நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எந்தக் கட்டத்திலும் கையைப் பிடித்து மேலே தூக்காதீர்கள்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அப்படி இழுப்பதால் முழங்கை மூட்டு நழுவிவிடக்கூடும்.

இனிப் பாண்டி வரையலாம். ஓரடிச் சதுரங்களாக மூன்று ஒற்றைக் கட்டமும், அடுத்து இரண்டு காலையும் ஊன்றி இளைப்பாற ஓர் இரட்டைக் கட்டமும் போதும். சில்லு எறிவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான ஆட்டமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. மீதி நேரத்தைத் தெருவில் ஓடிப் பிடிப்பதும் படியேறுவதும் பார்த்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை: மாடி இல்லாமல் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒருவர், கீழ்வீட்டாருக்குச் சத்தம் கேட்கிறதே என்று எழுதியிருந்தார். எழுதியவர் வீட்டில் இரண்டாம் படியைப் பூங்கா மணலில் பழக்கினார்கள். ஆனால் மணலில் சத்தம் கேட்காது, ஆகவே தடத்தைத்தான் பார்க்க வேண்டும். வலது கால் மட்டும் வருகிறது, இடது கால் வரவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஒரு கால் சில மாதம் முந்துவது இயல்பு. இடது காலுக்கு மட்டும் துண்டைத் தொடருங்கள். ஐந்து வயதாகியும் ஒரு காலில் சிறிது நேரம்கூட நிற்க முடியாவிட்டாலோ, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.