காங்கேயம் மாட்டின் டி-லூப்பில் என்ட்ரோபி கணக்கிடும் முறை

கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் தகவலை அளக்கத் தந்த சூத்திரம், நான்கே எழுத்துள்ள டிஎன்ஏவுக்கு அப்படியே பொருந்தும். எழுத்துகள் எவ்வளவு கலந்து வருகின்றன என்று சொல்லும் அந்த எண்தான் என்ட்ரோபி, அதன் அலகு பிட். ஓர் இடத்தில் எல்லா மாட்டுக்கும் ஒரே எழுத்து என்றால் என்ட்ரோபி 0 பிட். ஏ, சி, ஜி, டி நான்கும் சரிசமமாக வந்தால் 2 பிட். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்டிரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. அதில் அதிகம் மாறும் டி-லூப் பகுதியில் இதை இடம் இடமாகப் போட்டுப் பார்த்தால், எங்கே மாறுகிறது, எங்கே அசையாமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கணக்கு எளிது. பெரும்பாலும் கெடுவது மாதிரி எடுப்பதில்தான். மைட்டோகாண்டிரியா தாய்வழியாக மட்டுமே வரும். ஒரே பட்டியில் தாய்ப்பசு, மகள், பேத்தி என்று ரத்தம் எடுத்தால் ஒரே வரிசையைத்தான் திரும்பத் திரும்ப எண்ணுகிறீர்கள். கண்ணபுரம் சந்தையில் எடுப்பதானால், மாடு எந்த ஊரில், யார் தொழுவத்தில் பிறந்தது என்று விற்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தாய்வழிக்கு ஒரு மாடு போதும். ரத்தத்துக்கு, உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாய். ஹெப்பரின் குழாய் வேண்டாம், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரைக் கெடுக்கும்.

ஒப்பிடப் பயன்படும் மாட்டின் ஆதார மைட்டோகாண்டிரிய வரிசை 16,338 எழுத்து. அது வட்டம், கோப்பில் மட்டும்தான் நேர்கோடு. டி-லூப் 15,792இல் தொடங்கி, கோப்பின் கடைசியைத் தாண்டி, மறுபடி 1 முதல் 363 வரை ஓடுகிறது. மொத்தம் 910 எழுத்து. வால்பகுதியை வெட்டித் தலைப்பகுதிக்கு முன்னால் ஒட்டிய பிறகே ஒப்பிடத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பாதிப் பகுதி காணாமல் போகும்.

910 எழுத்தை ஒரே ஓட்டத்தில் நம்பும்படி படிக்க முடியாது. இரு திசையிலும் சீக்வென்ஸ் செய்து (எழுத்து வரிசையைப் படித்து) நடுவில் இணையுங்கள். ஒவ்வோர் ஓட்டத்திலும் முதல் 30–50 எழுத்தைத் தள்ளிவிடுங்கள். சீக்வென்ஸ் வரைபடத்தில் ஒரே எழுத்திடத்தில் இரட்டை முகடு பல இடங்களில் தெரிந்தால், உட்கருவில் ஒட்டிக்கிடக்கும் மைட்டோகாண்டிரிய நகலும் கூடவே பெருகியிருக்கலாம். அந்த மாதிரியை ஒதுக்குங்கள். பிறகு மாஃப்ட் போன்ற மென்பொருளில் எல்லாவற்றையும் நெடுக்குவாட்டில் ஒழுங்குபடுத்துங்கள். சி தொடர்ச்சியாக வரும் இடங்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எண்ணிக்கை அங்கேதான் தவறும்.

இனி ஒரு நெட்டுவரிசை, அதாவது எல்லா மாட்டிலும் ஒரே இடத்தில் உள்ள எழுத்துகள். 30 மாட்டில் சி 24, டி 6. பங்கு 0.8, 0.2. ஒவ்வொரு பங்கையும் அதன் இரண்டடிமான மடக்கையால் (log2) பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றினால் 0.722 பிட். வராத எழுத்துக்கு 0 என்று போடுங்கள். மடக்கை எடுக்கப் போனால் எக்செல் பிழை காட்டும். விடை 0.500 என்று வந்தால் இயல் மடக்கை (ln) எடுத்திருக்கிறீர்கள், 0.693ஆல் வகுத்தால் பிட் ஆகிவிடும்.

அந்த ஆறு டியில் ஐந்து ஒரே தாய்வழி என்று வையுங்கள். நான்கைக் கழித்தால் மிச்சம் சி 24, டி 2. என்ட்ரோபி 0.391. கிட்டத்தட்டப் பாதி! பட்டியில் யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பது ஆய்வகத்துக்கு வெளியே உள்ள சங்கதி அல்ல.

மாதிரி குறைந்தால் என்ட்ரோபி சராசரியாகச் சற்றுக் குறைவாகவே காட்டும். கண்ட எழுத்து வகைகளில் ஒன்றைக் கழித்து, 1.386 பெருக்கல் மாட்டு எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டுங்கள். மேலே சொன்ன 30 மாட்டுக்கு அது 0.024. 8 மாட்டுக்கு 0.09. பத்துக்கும் குறைவான மாதிரியில் வரைபடம் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு இடங்கள் சேர்ந்தே மாறுகின்றனவா என்று பார்க்கப் பரஸ்பரத் தகவல் உண்டு: இரண்டின் என்ட்ரோபியைக் கூட்டி, இணையின் என்ட்ரோபியைக் கழியுங்கள். ஒரு நெட்டுவரிசையை மட்டும் 1,000 தடவை கலைத்துப்போட்டு, அப்போது வரும் எண்களை உண்மை எண் தாண்டுகிறதா என்று சோதியுங்கள். தாண்டினாலும் அவசரப்பட வேண்டாம். மைட்டோகாண்டிரியாவில் தாய், தந்தை டிஎன்ஏ கலப்பது நடப்பதில்லை. திமில் மாடுகளின் ஐ1, ஐ2 என்ற இரு பெரும் தாய்வழிகள் பிரிந்து கிடப்பதாலேயே பல இடங்கள் சேர்ந்து மாறும். இந்த இடங்கள் ஒன்றோடொன்று வேலை செய்கின்றன என்று அதிலிருந்து எழுதக் கூடாது.

ஜெர்சிக் கலப்பையும் இதில் தேடாதீர்கள். சினை ஊசி வழியாக வந்தது காளையின் பங்கு. நாட்டுப் பசு ஈன்ற கலப்புக் கன்றின் டி-லூப் சுத்தக் காங்கேயம் என்றே காட்டும். அதற்கு உட்கரு டிஎன்ஏ வேண்டும்.