பேசாமலே மாறும் பாத்திரம்: அனிமேஷன் பழகுவோர்க்கு ஒரு செய்முறை

நடிகர் ஒருவர் தயங்கும்போது அவருடைய தோளும் விரல்களும் தாமாகவே தயங்கிவிடும். அனிமேஷனிலோ அந்தத் தயக்கம் முழுவதையும் நாமே வரைந்தாக வேண்டும். ஆகவே, கதைப்போக்கில் ஒரு பாத்திரம் மாறுகிறது என்றால், வசனம் எழுதும் முன்பே அந்த மாற்றத்தை உடம்பில் எங்கே காட்டப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். திசையன்விளைப் பக்கம் பனையேறும் ஒரு தாத்தாவையும், விடுமுறைக்கு வந்திருக்கும் அவருடைய பேரனையும் வைத்து, மூன்று நிமிடப் படம் ஒன்றுக்கு இதைச் செய்துபார்ப்போம்.

முதலில், பாத்திரத்தின் விருப்பத்தையும் அச்சத்தையும் ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். பனையேற்றம் தன்னோடு முடிந்து பேரன் படித்து வேலைக்குப் போக வேண்டும் என்பது தாத்தாவின் விருப்பம். மகன் மரத்திலிருந்து விழுந்ததைக் கண்ணால் கண்டது அவருடைய அச்சம். “கோபக்காரர், பாசக்காரர்” என்று குணப்பட்டியல் போடுவது தொடக்கநிலையில் எல்லோரும் செய்வதுதான். வரைய உட்கார்ந்தால் அதில் ஒன்றும் கைக்கு உதவாது.

அடுத்து, அந்த அச்சத்தை நெருக்கும் சூழலை அமையுங்கள். பனையின் பூக்குலையான பாளையை நாள்தோறும் சீவிவிடாவிட்டால் பதநீர் ஊறுவது நின்றுபோகும். தாத்தாவின் முழங்கால் மடங்க மறுக்கும் காலையில், ஒன்று அந்தப் பருவத்துப் பதநீர் போக வேண்டும், அல்லது பேரன் மரமேற வேண்டும். எதைத் தேர்ந்தாலும் அவருக்கு இழப்பு உண்டு என்பதால் கதை நகர்கிறது.

உருவ அமைப்பைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 2009இல் வந்த ‘அப்’ (Up) அனிமேஷன் படத்தில் முதியவர் கார்ல் சதுரங்களாலும் அவர் மனைவி எல்லி வளைவுகளாலும் ஆனவர்கள்; அதைப் பார்த்தாலே விளங்கிவிடும். நம் தாத்தாவுக்கு வளைந்த கால்களும், மரம் உரசி மார்பில் ஏறிய காய்ப்பும் போதும். முன், பக்கம், பின் என மூன்று கோணங்களில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான வேலை: ஒரே செயலைப் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் செய்யவையுங்கள். நான் எடுத்துக்கொண்ட செயல், பாளை அரிவாளைத் தீட்டிப் பெட்டியில் வைப்பது. திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிக் கட்டங்கள், ஓடும். வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தால் விநாடிக்கு 12 படங்கள் வேண்டும். முதற்காட்சியில் பேரன் கை நீட்ட, தாத்தா அவனைத் திரும்பியும் பாராமல் எட்டே படங்களில் அரிவாளைப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார். கடைசிக் காட்சியிலும் அதே வேகத்தில்தான் கை கிளம்புகிறது, ஆனால் நான்காவது படத்தில் பெட்டியின் வாயருகே நின்றுவிடுகிறது. அந்த நிறுத்தத்தை முழு ஒரு விநாடிக்கு நீட்டுங்கள். ஒரே படத்தை அப்படியே நிறுத்தினால் உருவம் செத்துப்போகும்; ஆகையால் மூச்சில் தோள் மெல்ல எழுவதையும், கட்டைவிரல் பிடியைத் தடவுவதையும் மட்டும் வரையுங்கள். பிறகு அரிவாள் திரும்ப, பிடி பேரன் பக்கம் வருகிறது. அவர் முகத்தில் அச்சம் அப்படியே இருக்கட்டும். இந்த இடத்தில் சிரிப்பை வரைந்தால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

முழுமையாக வரையும் முன், கோட்டுப்படங்களை ஒலியோடு கோத்து ஓட்டிப்பாருங்கள். 1995இல் வெளியான ‘டாய் ஸ்டோரி’யின் வரைவு 1993 நவம்பரில் டிஸ்னியாருக்குக் காட்டப்பட்டபோது, கதைநாயகனான பொம்மை உட்டி வெறுக்கத்தக்கவனாக இருந்ததால் தயாரிப்பே நிறுத்தப்பட்டு, கதை திருத்தி எழுதப்பட்டது. பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்தது நமக்கு நேராதா?

கடைசியாக ஒலியை அடைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவருக்குக் காட்டுங்கள். என் முதல் வரைவில் தாத்தா, “இனி நீயே ஏறுடே” என்று வாயால்தான் சொன்னார். பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் அதை ஒலியில்லாமல் பார்த்துவிட்டு, “கடைசியில தாத்தா என்னதான் வே சொல்லுதாரு?” என்று கேட்டார். அன்றிரவே அந்த வசனத்தை நீக்கிவிட்டு, அரிவாளின் பிடியைத் திருப்பி வரைந்தேன்.