பல ஹார்ட் டிஸ்குகளை ஒரே வால்யூமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் எல்.வி.எம். (வட்டுகளின் இடத்தைத் தொகுத்துப் பங்கிடும் மென்பொருள்) கொண்டு பல வட்டுகளை ஒரே சேமிப்பிடமாக, அதாவது வால்யூமாக, ஆக்குவது சில கட்டளைகளில் முடிந்துவிடும். அதனால்தான் புதிதாக வருபவர்கள் நாங்கள் அன்று செய்த பிழைகளையே இன்றும் செய்கிறார்கள். வேறு வட்டைத் தவறுதலாக ஃபார்மேட் செய்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழைய வட்டை அகற்றாமல் மேலும் மேலும் சேர்த்தல்

திருமணப் படங்கள் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில், தொழில் தொடங்கியபோது வாங்கிய 1 டி.பி. வட்டுடன் பின்னர் இரண்டு 4 டி.பி. வட்டுகளைச் சேர்த்து, 9 டி.பி. கொண்ட ஒரே வால்யூமாக வைத்திருந்தார்கள். முதல் வட்டு ஒருநாள் சுழல்வதை நிறுத்தியது. "அதுல இருந்த படம் மட்டும்தானே சார் போகும்?" என்று உரிமையாளர் கேட்டார், இதே கேள்வியை இன்றும் கேட்க நேர்வதுதான் எரிச்சல்.

அப்படி மட்டும் போகாது. எல்.வி.எம். வழக்கமாக வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகவே அடுக்குகிறது. எந்தத் தரவுக்கும் இரண்டாம் பிரதி இல்லை. வால்யூமை எவ்வளவு நீட்டினாலும் அதன் தொடக்கப் பகுதி முதல் வட்டிலேயே தங்கிவிடுவதால், எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) முதன்மை சூப்பர்பிளாக் (அந்த அமைப்பின் அடிப்படை விவரங்கள் உள்ள பகுதி), ரூட் டைரக்டரி (எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலான ஃபோல்டர்), தொடக்கத்தில் உருவான ஃபோல்டர்கள் ஆகியவை உள்ளதிலேயே வயதான வட்டில்தான் இருக்கும். சூப்பர்பிளாக்கின் நகல்கள் மற்ற வட்டுகளில் கிடைக்கலாம். அழிந்த ஃபோல்டர்களில் இருந்த கோப்புப் பெயர்கள் கிடைக்கா. அந்த ஸ்டுடியோவில் மீட்பு மென்பொருள் எடுத்துக் கொடுத்த படங்களுக்குப் பெயராக வெறும் எண்கள்தாம் இருந்தன. ஒரு வீட்டு முகூர்த்தமும் இன்னொரு வீட்டு வளைகாப்பும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தன.

வட்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. ஒரு வட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நான்கில் ஏதேனும் ஒன்று பழுதாகும் வாய்ப்பு 11 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

புதிய வட்டைச் சேர்க்கும் நாளிலேயே, அதன் இடத்தை வால்யூமுக்குக் கொடுப்பதற்கு முன், 'பிவிமூவ்' கட்டளையால் பழைய வட்டின் தரவைப் புதியதற்கு நகர்த்தி, 'விஜிரெட்யூஸ்' மூலம் பழையதை வெளியேற்றிவிட வேண்டும். வால்யூம் பயன்பாட்டில் இருக்கும்போதே இதைச் செய்யலாம். வட்டு தன் நலம் பற்றித் தரும் 'ஸ்மார்ட்' அறிக்கையில் பென்டிங் செக்டார் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதி) எண்ணிக்கை பூஜ்ஜியத்தைத் தாண்டிய வட்டை ஒருநாளும் சேர்க்காதீர்கள். ஒரு வட்டு போனாலும் வேலை நிற்கக் கூடாது என்றால் அடியில் ரெய்டு 1 (ஒரே தரவை ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகளில் எழுதும் முறை) அமைத்து, அதன்மேல் எல்.வி.எம். வையுங்கள், பேக்கப் அப்போதும் தனியாகத் தேவை.

சுருக்கும்போது வரிசை மாறுதல்

முதலில் கோப்பு முறைமையைச் சுருக்குங்கள், பிறகுதான் வால்யூமை.

யு.எஸ்.பி. வட்டுகளைக் கலத்தல்

வேண்டாம். கேபிள் ஒருமுறை அசைந்தால் வால்யூமின் ஒரு துண்டு காணாமல் போகும்.

அமைப்புக் குறிப்பை அதே வட்டுகளில் வைத்தல்

எந்தத் துண்டு எந்த வட்டில் இருக்கிறது என்ற விவரத்தை எல்.வி.எம். கணினியின் 'இடிசி' (/etc) ஃபோல்டரில் எழுதி வைக்கிறது. இயங்குதளமும் அதே வால்யூம் குரூப்பில் (எல்.வி.எம். ஒன்றுசேர்த்த வட்டுத் தொகுப்பு) இருந்தால், வட்டு பழுதாகும் நாளில் அந்தக் கோப்பையும் திறக்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதை வேறொரு கணினியில் நகலெடுத்து வையுங்கள். சில கிலோபைட் அளவுள்ள உரைக்கோப்புதான் அது.